கோடு மூணு காட்டுது... குரல் மட்டும் போகலை!

மழை பெய்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கிறோம். மண்ணை எடுத்துக்கொண்டுபோய் என்ன சத்து குறைகிறது என்று பார்த்து வருகிறோம். சொசைட்டியில் பாலைக் கருவியில் அளந்துதான் காசு போடுகிறார்கள். ஆனால் மோட்டார் போடுவது, தேங்காய் விலை கேட்பது, ஓ.டி.பி வாங்குவது, ஆபத்துக்கு ஆளைக் கூப்பிடுவது என்று இன்றைக்கு இத்தனையும் எதை நம்பி நடக்கிறதோ, அந்த செல்போன் சிக்னலை மட்டும் நம்மில் யாரும் அளப்பதில்லை. “டவர் எடுக்கலை” என்று சொல்லிவிட்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கிறோம்.

நான் கொஞ்ச காலமாக அதையும் அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். பத்தாவது வரை படித்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்கு இது எதற்கு என்று ஊரில் சிரித்தவர்கள் உண்டு. ஏன் ஆரம்பித்தேன், என்ன தெரிந்துகொண்டேன், அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். உங்கள் தோட்டத்துக்கும் உதவும்.

சிக்னலிலும் கடைமடை உண்டு

திண்டுக்கல் மாவட்டம், நத்தம் பக்கத்தில் மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் தென்னை, ஒரு ஏக்கரில் மா, மிச்ச அரை ஏக்கரில் அந்தந்தப் பட்டத்துக்குக் காய்கறியோ நிலக்கடலையோ போடுவோம். வீடு ஊருக்குள். கிணறும் மோட்டாரும் தோட்டத்தின் கடைசியில், கரட்டை ஒட்டி இருக்கின்றன. வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. செல்போன் டவர் ஊருக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டை ஒட்டி நிற்கிறது. டவருக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில் முதலில் ஊர், அப்புறம் வரிசையாகத் தென்னந்தோப்புகள், அப்புறம் ஒரு மேடு. வாய்க்கால் பாசனத்தில் கடைமடை என்று சொல்வோமே, சிக்னலில் எங்கள் கிணறுதான் கடைமடை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி. அந்த வாரம் மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வந்தது. மொபைல் ஸ்டார்ட்டருக்கு வீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் மூன்று முறை மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தார். மோட்டார் எடுக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பினார்.

பத்தரை மணி இருக்கும், அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். “சொல்லுங்க... ஹலோ... சொல்லுங்க... சத்தமே வரலையே” என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே கட் ஆனது. மறுபடி வந்தது. மறுபடியும் அதே கதை. இரண்டாவது தடவையிலேயே எனக்கு மனசு சரியில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்பி, பைக்கை எடுக்கச் சொல்லிப் போனோம். பாதி வரப்பில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி விரியன். கணுக்காலுக்கு மேல் கடித்து, கால் வீங்கத் தொடங்கியிருந்தது. கிழிக்காமல், கட்டுப்போடாமல், நடக்கவிடாமல் நடுவில் உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆறு நாள் படுக்கையில் இருந்தார். பிழைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. “போன்ல மூணு கோடு இருந்துச்சு. நீ பேசுறது பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேட்டுச்சு. சத்தமே வரலைன்னு நீ சொன்னதுகூடக் கேட்டுச்சு. பாம்பு கடிச்சிருச்சு, வண்டியை எடுத்துட்டு வான்னு நான் கத்துனதுதான் உனக்குக் கேட்கலை.”

அவருக்கு என் குரல் போகிறது. எனக்கு அவர் குரல் வரவில்லை. ஒரே போன், ஒரே நேரம், ஒரே டவர். இது எப்படி?

கோட்டை நம்பாதீங்க அத்தை

பொங்கலுக்கு என் அண்ணன் மகன் வந்திருந்தான். மதுரையில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். டிரைவ் டெஸ்ட் என்று ஒரு வேலை பார்க்கிறான். காரில் லேப்டாப்பையும் நாலைந்து போன்களையும் வைத்துக்கொண்டு ரோடு ரோடாகப் போவார்களாம். எந்த இடத்தில் சிக்னல் எவ்வளவு, எந்த இடத்தில் பேச்சு அறுகிறது என்று போன் தானாகவே பதிவு செய்துகொண்டே வருமாம். நடந்ததைச் சொன்னேன்.

“அத்தை, முதல்ல அந்தக் கோட்டை நம்புறதை விடுங்க. எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு போடணும்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு விதியே கிடையாது. ஒவ்வொரு போன் கம்பெனியும் அதுஅது இஷ்டத்துக்குப் போட்டுக்குது” என்றான்.

அவன் சொன்னது உண்மை. 2010-ல் ஐபோன் 4 வந்தபோது சிக்னல் பற்றிப் புகார் கிளம்பியது. கோடு காட்டும் தங்கள் கணக்கே தப்பாக இருந்தது, பல இடங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு அதிகமாகக் காட்டியிருக்கிறது என்று ஆப்பிள் நிறுவனமே அப்போது எழுத்தில் சொன்னது. அவ்வளவு விலை விற்கும் போனுக்கே அந்த நிலை.

எங்கள் கிணற்றடியில் நின்று பார்த்தோம். என் போனில் இரண்டு கோடு, வீட்டுக்காரர் போனில் மூன்று. சிம் இரண்டும் ஒரே கம்பெனி. பிறகு போனுக்குள் இருக்கும் எண்ணைக் காட்டினான். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் செட்டிங்ஸ், அபவுட் போன், அதில் ஸ்டேட்டஸ் அல்லது சிம் ஸ்டேட்டஸ் என்று போனால், சிக்னல் ஸ்ட்ரென்த் என்று ஒரு வரி இருக்கும். அங்கே மைனஸ் போட்டு ஒரு எண் வரும். டிபிஎம் என்பது அதன் அளவு. இரண்டு போனிலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான்: மைனஸ் 107.

“மைனஸ்னா கடன் மாதிரி நினைச்சுக்கங்க அத்தை. எழுபது ரூவா கடன்காரன் நூத்திப் பத்து ரூவா கடன்காரனைவிடத் தேவலை. அதே மாதிரி மைனஸ் 70 நல்ல சிக்னல். மைனஸ் 110 மோசம்.”

இந்தக் கடனில் ஒரு விசேஷம் உண்டு. பத்து கூடினால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். இருபது கூடினால் நூறில் ஒரு பங்கு. வெறும் மூன்று கூடினாலே பாதியாகிவிடும். 90-க்கும் 110-க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. அது நூறு மடங்கு வித்தியாசம். 4ஜி போனுக்கு அவன் சொன்ன தோராயக் கணக்கு இது: மைனஸ் 90-க்குள் இருந்தால் கவலையில்லை. 105 வரைக்கும் சமாளிக்கலாம். 105-லிருந்து 115 வரை திக்கித் திணறும். அதற்கும் கீழே போனால் நம்பி எதையும் செய்ய முடியாது.

குழாய் ஸ்பீக்கரும் நம் தொண்டையும்

சரி, இரண்டு பேருக்கும் குரல் ஒரே மாதிரி திக்கியிருக்க வேண்டாமா? ஒரு பக்கம் மட்டும் ஏன் போகவில்லை?

“கோயில் திருவிழாவுக்குக் கட்டுற குழாய் ஸ்பீக்கர் சத்தம் நம்ம கிணத்தடி வரைக்கும் கேட்குதா?” என்றான்.

“கேட்குது.”

“கிணத்தடியில நின்னு நீங்க கத்துனா கோயிலுக்குக் கேட்குமா?”

அதுதான் விஷயம். டவரில் இருந்து சிக்னலை அனுப்பும் கருவிகள் 20 வாட், 40 வாட் என்ற கணக்கில் அனுப்புகின்றன. நம் கையில் இருக்கும் 4ஜி போன், முழுப் பலத்தையும் போட்டாலும் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 வாட்தான் அனுப்பும். டவர் 40 வாட் என்றால், அதன் தொண்டை நம் தொண்டையைவிட இருநூறு மடங்கு பெரியது. போனின் பலத்தை ஏற்றிவிடலாமே என்றால், பேட்டரி தாங்காது. தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் பொருள் என்பதால் சட்டமும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. உடலின் திசுவில் ஒரு கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் இறங்கக் கூடாது என்று 2012 செப்டம்பரிலிருந்து நம் நாட்டில் விதி இருக்கிறது.

நம் சின்னக் குரலைப் பிடிப்பதற்காக டவரில் நல்ல காதுகளை வைத்திருக்கிறார்கள். உயரத்தில் பெரிய ஆன்டெனா, மெல்லிய சிக்னலையும் பிடிக்கும் கருவி எல்லாம் உண்டு. டவருக்குக் கிட்டத்தில் இருப்பவருக்கு அது போதும். கடைமடைக்குப் போகப்போக, முதலில் அறுந்துபோவது நம்மிடமிருந்து டவருக்குப் போகும் பாதைதான். போனில் தெரியும் கோடோ, செட்டிங்ஸில் தெரியும் எண்ணோ, டவர் பேசுவது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். நாம் பேசுவது டவருக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை அது சொல்லாது. அன்றைக்கு ராத்திரி மூன்று கோடும் இருந்தது, குரலும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக நடக்கக்கூடியதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ரோட்டில் அளந்தால் வரப்பு தெரியாது

சிக்னலை இப்படி ஊர் ஊராகப் போய் அளக்கும் வேலை புதிதல்ல. ஜப்பானில் யோஷிஹிசா ஒகுமுரா என்ற பொறியாளர், தன் குழுவோடு அளவுக் கருவிகளை ஏற்றிய வண்டியில் டோக்கியோவிலும் சுற்று வட்டாரத்திலும் அலைந்து அளந்தார். நகரத்துக்குள் சிக்னல் எப்படிக் குறைகிறது, புறநகரில் எப்படி, திறந்த வெளியில் எப்படி, ஆன்டெனாவை உயர்த்தினால் எவ்வளவு கூடுகிறது என்று வரைபடங்களாகப் போட்டு 1968-ல் வெளியிட்டார். 1980-ல் மசஹாரு ஹாட்டா என்பவர் அந்த வரைபடங்களைக் கணக்குச் சூத்திரமாக மாற்றினார். எங்கே டவர் வைத்தால் எவ்வளவு தூரம் எட்டும் என்று உலகம் முழுக்கப் பொறியாளர்கள் போட்ட கணக்குகளுக்கு இந்த இரண்டு பேரின் வேலை அடிப்படையாக இருந்தது. செல்போன் உருவாக வழிவகுத்தவர்களுக்கு 2013-ல் அமெரிக்காவில் டிரேப்பர் பரிசு கொடுத்தபோது, ஒகுமுராவும் அதைப் பெற்றவர்களில் ஒருவர்.

அண்ணன் மகன் பார்க்கும் வேலை அந்த டோக்கியோ வண்டியின் வாரிசு. அதைக் கேட்டதும் நான் ஒன்று கேட்டேன்: “உங்க கார் எங்க வரப்புல வருமா?”

சிரித்தான். “ரோட்டுலதான் அத்தை போவோம்.”

நம் டிராய் அமைப்பும் தனி நிறுவனங்களை வைத்து இப்படி டிரைவ் டெஸ்ட் நடத்துகிறது. நகரங்கள், நெடுஞ்சாலைகள், ரயில் பாதைகள், ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்கள் என்று பார்க்கிறார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் விவசாயி நிற்கும் இடம் ரோடு இல்லையே. கிணற்றடி, மோட்டார் கொட்டகை, மாட்டுக் கொட்டகை, கடைசி வரப்பு. அங்கே நடந்து போய் அளந்தால்தான் உண்டு. அதை நம்மைத் தவிர யார் செய்வார்கள்? அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

ஆறு கிலோமீட்டர் என்று ஒரு வாதம்

நம் மாதிரிக் கிராமத்தை மனதில் வைத்து ஆராய்ச்சி செய்பவர்களே இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். அதுவும் நம் சென்னையிலேயே.

1990-களிலேயே ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுக்கும் செலவைக் குறைப்பதுதான் நோக்கம். 2001-ஐ ஒட்டிய வருடங்களில் எங்களுக்குப் பக்கமான மேலூர் வட்டாரக் கிராமங்களில் அதை வைத்து இன்டர்நெட் மையங்கள் நடந்தன. என் அக்கா வாக்கப்பட்ட ஊரில் ஒன்று இருந்தது. கூரைமேல் ஒரு கம்பத்தில் சின்ன ஆன்டெனா, டவர் இருக்கும் திசையைப் பார்த்தபடி நிற்கும். கண் நோய் உள்ளவர்களின் கண்ணைப் படம்பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்பதுகூட அந்த மையங்கள் வழியாக நடந்தது.

அடுத்தது 5ஜி. உலகம் முழுக்க ஒரே தரம் வைப்பதற்காக சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதிகளைப் பேசிக்கொண்டிருந்த நேரம். கிராமத்துக்கான சோதனை என்று அவர்கள் வைத்திருந்ததில், டவருக்கும் டவருக்கும் இடைவெளி ஒன்றே முக்கால் கிலோமீட்டர்தான். வேகமாகப் போகும் கார், ரயிலில் இருப்பவருக்கு சிக்னல் அறாமல் இருக்கிறதா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. ஐ.ஐ.டி. மெட்ராஸ், அங்கேயே இயங்கும் செவிட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்ப ஆய்வு மையம், ஐ.ஐ.டி. ஹைதராபாத் ஆகியவை இந்தியாவின் சார்பில் ஒரு வாதத்தை வைத்தன. எங்கள் நாட்டுக் கிராமம் அப்படி இல்லை. கண்ணாடி இழைக் கேபிள் பஞ்சாயத்து வரைக்கும்தான் வருகிறது. டவரை அங்கேதான் வைக்க முடியும். அதைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் குக்கிராமங்கள் இருக்கும். டவர்களுக்கு நடுவே ஆறு கிலோமீட்டர் வைத்துச் சோதியுங்கள். எங்கள் ஆள் நடந்துதான் போவான், மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றன. 2017-ல் அந்த ஒன்றியம் இதையும் ஒரு சோதனையாக ஏற்றுக்கொண்டது.

ஆறு கிலோமீட்டர் இடைவெளியில் எது முதலில் அறும்? நம் போனிலிருந்து டவருக்குப் போகும் குரல். அதனால் அவர்கள் உழைத்ததில் முக்கியமான ஒன்று, போன் அனுப்பும் அலையின் வடிவத்தை மாற்றி, கூடுதல் தூரம் எட்டச் செய்வது. அது 5ஜிஐ என்ற பெயரில் தனித் தரமாக அந்த ஒன்றியத்தின் ஒப்புதலைப் பெற்றது. பிறகு உலகப் பொதுத் தரத்தின் 17-வது பதிப்போடு 2022-ல் ஒன்றாகச் சேர்ந்தது. அண்ணன் மகன் இதைச் சொன்னபோது, ‘நான் கேட்ட கேள்வியை நமக்கு முன்னாடியே படிச்சவங்க கேட்டிருக்காங்களே’ என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. தரத்தில் எழுதியது எல்லாம் நம் டவரிலும் நம் கையில் உள்ள போனிலும் வந்து சேர்வது தனி வேலை. அதுவரைக்கும் இருப்பதை வைத்து என்ன செய்வது என்பதற்குத்தான் என் நோட்டு.

நோட்டு சொன்ன பாடம்

தை முதல் புரட்டாசி வரை, வாரம் ஒருநாள், ஆறு இடத்தில், காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளை எழுதினேன். ஒவ்வொரு இடத்திலும் எண்ணைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு போன் செய்து, என் குரல் அங்கே கேட்கிறதா என்பதையும் எழுதினேன். இந்த இரண்டாவது கணக்கு ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் போகும் பாதையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மோட்டார் கொட்டகைக்குள் மைனஸ் 116. கதவுக்கு வெளியே படியில் 107. பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால் 101. கொட்டகைக்குச் சுவரும் தகரம், கூரையும் தகரம். ரேடியோ அலை தகரத்தைத் துளைத்துக்கொண்டு போகாது, பட்டுத் திரும்பிவிடும். அந்தக் கொட்டகைக்குள் இரும்புப் பெட்டி, அதன்மேல் ஸ்டார்ட்டரின் குட்டி ஆன்டெனா. மிஸ்டு கால் எங்கே போய்ச் சேரும்? எலெக்ட்ரீஷியனை வைத்து, கேபிளோடு வரும் வெளி ஆன்டெனாவை வாங்கி, ஜி.ஐ. பைப்பில் கூரைக்குமேல் ஏற்றினோம். கேபிள் நீண்டால் அதிலேயே சிக்னல் கரைந்துவிடும் என்பதால் மூன்று மீட்டருக்குள் முடித்தோம். அதற்கப்புறம் ராத்திரி மோட்டார் போட அவர் தோட்டத்துக்குப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தென்னந்தோப்புக்குள், மழை விட்ட கையோடு பார்த்தால் எண் மூன்று நான்கு கூடுதலாகக் கடன் காட்டியது. இலையில் இருக்கும் தண்ணீர் அலையை உறிஞ்சுகிறது, ஈர இலை இன்னும் அதிகமாக உறிஞ்சும். நடும்போது இடுப்பளவு இருந்த கன்றுகள் இன்றைக்கு முப்பது அடி. ‘முன்னெல்லாம் நல்லா எடுத்துச்சே’ என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை வீட்டில் எண் மாறவே இல்லை. ஆனால் இன்டர்நெட் ஆமை வேகத்தில் போனது. மடையில் தண்ணீர் மட்டம் அதேதான், ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். அது நெரிசல். தண்ணீர் மட்டம் குறைவதும், பங்கு போடும் ஆள் கூடுவதும் வேறு வேறு கோளாறு. புகார் கொடுக்கும்போது எது என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

பெருமழையில் ஊர் முழுக்க ஒரேயடியாகச் சிக்னல் போனால், குறை உங்கள் தோட்டத்தில் இல்லை. நம் போன் அலையை மழைத்துளி அவ்வளவாகத் தடுக்காது. டவருக்கும் டவருக்கும் நடுவே வட்டத் தட்டு ஆன்டெனா வைத்துப் பேசிக்கொள்ளும் அலையைக் கனமழை தடுக்கும். அல்லது டவருக்கு மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்திருக்கும்.

இன்னொன்று, அலைவரிசை. பறைச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும், சலங்கைச் சத்தம் தெருவைத் தாண்டாது. அதுபோல 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், மேடு மரங்களையும் ஓரளவு சமாளிக்கும். 2,300, 3,300 என்று மேலே போகப்போக வேகமாகத் தகவல் ஏற்றலாம், ஆனால் எட்டும் தூரம் குறையும். ஒரே இடத்தில் ஒரு கம்பெனி எடுப்பதும் இன்னொன்று எடுக்காததும் டவர் இருக்கும் திசையாலும் இதனாலும்தான். ஸ்டார்ட்டருக்குச் சிம் போடுமுன், கிணற்றடியிலேயே இரண்டு மூன்று கம்பெனி சிம்மைப் போட்டு எண்ணைப் பார்த்துவிடுங்கள். 2ஜி சேவையே இல்லாத கம்பெனியும் இருப்பதால், ஸ்டார்ட்டர் 2ஜியா 4ஜியா என்றும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புகாரோடு போன நோட்டு

ஆவணியில் எங்கள் செல் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் பேசினேன். புகாருக்கு ஒரு எண் கொடுத்தார்கள். நான்காம் நாள், ‘உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்தது. ஒன்றும் மாறவில்லை. நிறையப் பேர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறோம். இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் புகாருக்கான கெடு முடிந்து 30 நாளுக்குள் அவரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கேயும் ஆகவில்லை என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர்ப்புப் பிரிவு. டிராய் தனிப்பட்ட புகாரை விசாரிப்பதில்லை. ஆனால் அது 2024-ல் கொண்டுவந்த விதிகளின்படி, எங்கெங்கே சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் காட்ட வேண்டும். அதில் எங்கள் கிணற்றடி ‘சேவை உண்டு’ என்ற நிறத்தில் இருந்தது. அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் நோட்டை வைத்துப் பேசினேன். எங்கள் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பதினோரு குடும்பம் கையெழுத்துப் போட்டது. தீர்மானமாக எழுதி வாங்கி, நோட்டின் பக்கங்களையும் சேர்த்து மேல்முறையீட்டுக்கு அனுப்பினோம். மார்கழியில் ஒரு இன்ஜினீயர் வந்தார். கிணறு வரைக்கும் எங்களோடு நடந்தார். என் நோட்டில் இருந்த எண்ணும் அவர் கருவியில் வந்த எண்ணும் ஒன்றிரண்டு வித்தியாசத்தில் ஒத்துப்போயின. “டவர் எடுக்கலைன்னு சொல்றவங்க நிறைய. எங்கே, எத்தனைன்னு எழுதிக் குடுத்தவங்க நீங்கதாம்மா” என்றார். எங்கள் பக்கம் பார்த்த ஆன்டெனா, ஊர் வீடுகளுக்காக ரொம்பக் கீழே சாய்த்து வைக்கப்பட்டிருந்ததாம். சாய்மானத்தைக் குறைத்தார்கள். படியில் 107 காட்டிய இடத்தில் இப்போது 99, 100 காட்டுகிறது. பேச்சு இரண்டு பக்கமும் கேட்கிறது. கரட்டுக்குப் பின்னால் ஓடைப் பள்ளத்தில் இன்றைக்கும் ஒன்றும் எடுப்பதில்லை. அங்கே அலை வளைந்து இறங்க வழியில்லை. அதற்கு இன்னொரு டவர்தான் வேண்டும். டவரே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாயில் மத்திய அரசு 2022-ல் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. எங்கள் ஊருக்கு டவர் இருப்பதால் அந்தக் கணக்கில் நாங்கள் வரமாட்டோம். ஊருக்கு டவர் இருக்கிறது, காட்டுக்கு இல்லை என்பதையும் இப்போது கிராம சபையில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டில் பேசிவைக்க வேண்டியது

பூஸ்டர் வாங்கி மாட்டிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம். அதோடு, அது போடும் இரைச்சல் டவரின் காதை அடைத்து, பக்கத்துத் தோட்டக்காரரின் குரலையும் போகவிடாமல் செய்யும். வீட்டில் கேபிள் இன்டர்நெட் இருந்தால் போனில் வைஃபை காலிங்கைப் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் சிக்னல் இல்லாவிட்டாலும் பேசலாம், அதற்குத் தனிக் காசு இல்லை.

ஆபத்து என்றால் 112. உங்கள் சிம் கம்பெனியின் டவர் எட்டாவிட்டாலும், எட்டும் வேறு எந்தக் கம்பெனி டவர் வழியாகவும் அந்த அழைப்பைக் கொண்டுபோகப் போன் முயற்சி செய்யும். பேச்சு போகாத இடத்தில் எஸ்.எம்.எஸ் போகலாம். அது சின்னப் பொட்டலம், போன் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். ‘ஆபத்து, கிணத்தடிக்கு வா’ என்று ஒரு மெசேஜை எழுதிச் சேமித்து வைத்திருக்கிறோம். தோட்டத்துக்குள் மேடான, திறந்த வெளியான ஓர் இடத்தை ‘பேசுற இடம்’ என்று குறித்துவைத்திருக்கிறோம், எங்களுக்கு அது தண்ணீர்த் தொட்டி. தோட்டத்தில் இருப்பவரிடமிருந்து குரல் வராத அழைப்பு இரண்டு முறை வந்தால், யாராக இருந்தாலும் யோசிக்காமல் கிளம்பிப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பக்கத்து வீடுகளிலும் இதைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது வைகாசி. மாங்காய் பறிப்பு நடக்கிறது. கூலிக்கு வரும் பெண்களில் நாலு பேர் தங்கள் போனில் எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். “அக்கா, இந்த மரத்தடியில 103” என்று ஒருத்தி கூப்பிட்டுச் சொல்கிறாள். நோட்டில் எழுதிக்கொள்கிறேன். உங்கள் தோட்டத்தின் கடைசி வரப்பில் எத்தனை காட்டுகிறது, அங்கே நின்று பேசினால் வீட்டில் கேட்கிறதா என்று பார்த்து, நீங்களும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். அடுத்த கிராம சபைக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.